நாட்டானும் செந்தூராவும்

மாங்கூழ் ஆலைக்குப் பின்னால் மலைபோலக் குவிந்து கிடந்த கொட்டைகளில் ஒன்றுக்கு, ஒரு மழை நாளில், எப்படியாவது முளைத்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது.

சுற்றிலும் கிடந்த கொட்டைகள் சிரித்தன.

"சதையைப் பிழிஞ்சு டப்பாவுல அடைச்சிட்டாங்க. இனிமே நம்மளை யாரு கேக்கப் போறாங்க?" என்றது ஒன்று.

"உள்ளே ஏதோ துடிக்குது. அதுக்கு நான் என்ன பண்ண?" என்றது அந்தக் கொட்டை.

கேட்க ஆள் வந்தது. மாதம்மாவும் ரத்தினாவும் சாக்குகளோடு டெம்போவில் வந்து இறங்கினார்கள். மாதம்மா மூத்தவள், ரத்தினா இளையவள். அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கரட்டுக் குன்றின் அடியில் இருவரும் சேர்ந்து மாங்கன்று நர்சரி நடத்தினார்கள். கொட்டைகளை அள்ளிச் சாக்கில் போட்டுக் கட்டி, கொண்டுபோய் மணல் பாத்தியில் புதைத்தார்கள்.

துடித்த கொட்டை முதலில் வெடித்தது. செப்பு நிறத்தில் ஒரு குருத்து மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, வெளிச்சத்தைப் பார்த்ததும், "அடேயப்பா! இவ்வளவு பெரிசா?" என்று கத்தியது.

முளைத்தவற்றைக் கறுப்புப் பைகளுக்கு மாற்றினார்கள். செம்மண், மணல், மக்கிய எரு எல்லாம் கலந்த பை. கொட்டையிலிருந்து வந்த சாதாரணக் கன்றுகளை நர்சரியில் நாட்டுக் கன்று என்றுதான் சொல்வார்கள். அதனால் மற்ற கன்றுகள் முதலில் முளைத்த அதற்கு நாட்டான் என்று பேர் வைத்துவிட்டன.

நாட்டானுக்குக் கிடைத்தது கடைசி வரிசை. நிழல்வலை அதுவரை எட்டவில்லை. மத்தியானம்வரை வெயில் நேராக மண்டையில் அடிக்கும். ரத்தினாவின் குழாய் அந்த மூலைக்கு வரும்போது தண்ணீர் பாதி வேகத்தில்தான் வரும். அவளும் மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் ஊற்றுவாள்.

வலைக்கு நடுவில், குழாய் ஒழுகும் இடத்தில் இன்னொரு கன்று நின்றது. எந்நேரமும் காலடியில் ஈரம், தலைக்கு மேல் குளிர்ச்சி. வெளிச்சத்தைத் தேடி அது விறுவிறுவென்று மேலே போனது. அதற்கு நெட்டையன் என்று பேர்.

"என்னப்பா நாட்டான், இன்னும் தரையிலயே கெடக்கிறே?" என்று நெட்டையன் தினமும் கூப்பிட்டுக் கேட்கும்.

"நான் மேல போகலைய்யா. கீழ போயிட்டிருக்கேன்" என்று நாட்டான் கத்திச் சொல்லும். "பைக்கு அடியில ஈரம் இருக்குன்னு வேருக்கு வாசனை வந்துடுச்சு. போற வழியெல்லாம் கல்லு, எருக்கட்டி, ஒரு மண்புழு வேற! என்ன ஜோரா இருக்கு தெரியுமா?"

நெட்டையனுக்கு அதில் என்ன ஜோர் என்று புரியவில்லை. ஆனால் வெயில் குடித்துக் குடித்து நாட்டானின் தண்டு பென்சில் கனத்துக்குத் திரண்டிருந்தது. நெட்டையனோ இரண்டு மடங்கு உயரம்; தண்டு மட்டும் ஈர்க்குச்சி.

அடுத்த ஆனி மாதம் வந்தது. ஒரு காலையில் நர்சரி முழுக்கச் சேதி பரவியது. ஒட்டு கட்டப் போகிறார்கள்!

"கழுத்தை வெட்டுவாங்களாம்" என்று ஒரு கன்று நடுங்கியது. "வெட்டிட்டு, அந்த இடத்துல யாரையோ கொண்டாந்து சொருகுவாங்களாம்."

"யாரை?" என்று துள்ளியது நாட்டான். "எங்கேருந்து வர்றாங்க? எப்போ?"

"உனக்குப் பயமே இல்லையா?"

"பயமா இருக்கு. ஆனா யாரு வர்றாங்கன்னு பார்க்காம இருக்க முடியலையே!"

மாதம்மா ஈரச் சாக்கை விரித்தாள். உள்ளே மரகதப் பச்சையில் ஒட்டுக்குச்சிகள். தாய் மரத்தில் இருக்கும்போதே இலைகளைக் கிள்ளிவிட்டு, நுனி மொட்டு விம்மிய பிறகு வெட்டி எடுத்தவை. எல்லாம் செந்தூரா மரத்துக் குச்சிகள். பழுத்தால் கன்னம் சிவக்கும், பெயரிலேயே நிறம் உள்ள சாதி.

கத்தி ஒரே இழுப்பில் நாட்டானின் தலையைக் கொய்தது. கீழே இரண்டு மூன்று இலைகள் மட்டும் மிச்சம். நடுத்தண்டைப் பிளந்தபோது நாட்டானுக்கு மூச்சே நின்றுவிட்டது. மாதம்மா ஒரு குச்சியை ஆப்புப் போலச் சீவி அந்தப் பிளவில் இறக்கினாள். இறக்கிவிட்டு உற்றுப் பார்த்தாள்.

"குச்சி கொஞ்சம் ஒல்லிடி ரத்தினா. ரெண்டு பக்கமும் சேராது. ஒரு பக்கமாச்சும் தோலோட தோல் சேரட்டும்."

"வேற குச்சி எடுத்துக்கோயேன் அக்கா."

"இருக்கிறதுலயே நல்ல மொட்டு இதுதான். பார்க்கலாம், அதுங்க பாடு."

ஒரு பக்கம் பட்டையோடு பட்டை சேர்த்துவைத்து, பிளாஸ்டிக் நாடாவை இழுத்து இறுக்கிச் சுற்றினாள். மேலே, பால் ஐஸ் அடைக்கிற நீளக் கவரைக் குல்லாப் போல மாட்டிக் கட்டினாள். பிறகு அடுத்த கன்றுக்கு நகர்ந்துவிட்டாள்.

நாட்டான் வலியோடு வலியாக முதல் வார்த்தை பேசியது.

"வாங்க வாங்க! நான் நாட்டான். நீங்க?"

"கொஞ்சம் பார்த்துத் தொடு" என்றது குச்சி. "நான் செந்தூரா. எங்க தாய் மரத்துல காய் பறிக்கணும்னா ஏணி போடணும். நீ எந்தத் தோப்பு?"

"தோப்பா? கூழ் ஆலைக் குப்பை."

"ஐயோ!"

"ஐயோவா? நான் எங்க உன்னைத் தொட்டேன்? உன்னைத்தான் கொண்டாந்து என் நெஞ்சுல குத்தி வெச்சிருக்காங்க!"

"சண்டை போடறதுன்னா சீக்கிரம் போட்டு முடிங்க" என்று இடையில் ஒரு குரல் வந்தது. இருவரையும் சேர்த்துச் சுற்றியிருந்த நாடாதான் பேசியது. "என்னால இறுக்கிப் பிடிக்கத்தான் முடியும், ஒட்டவைக்க முடியாது. அது உங்க வேலை. ஒரு பக்கம் சேர்ந்திருக்கு. இன்னொரு பக்கம் உள்ளே சந்து இருக்கு. அதை அடைக்கலைன்னா ரெண்டு பேரும் போயிடுவீங்க."

கொஞ்ச நாள் கழித்து, செந்தூரா அகங்காரம் எல்லாம் வடிந்த குரலில் சொன்னது.

"நாட்டான், எனக்கு வேர் கிடையாது."

"தெரியும்."

"தாய் மரத்துலேருந்து கொண்டுவந்த சாறுதான் இருக்கு. அது தீரப்போகுது. தோல் சுருங்குது."

நாட்டானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு நாளாக அது அடியில் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சிச் சுகமாக இருந்திருக்கிறது. தலைக்கு மேல் ஒருத்தி காய்ந்துகொண்டிருந்திருக்கிறாள். நாட்டான் வெட்டுண்ட இடத்துக்குத் தன் பலத்தையெல்லாம் திரட்டிக் கொண்டுவந்தது. பட்டை சேர்ந்திருந்த பக்கத்தில் புதுச் சதை, வெள்ளையாக, பிஞ்சாக, துளித்துளியாகப் பொங்கியது. செந்தூராவும் தன் பக்கத்திலிருந்து மிச்சம் மீதியைப் போட்டுத் தள்ளியது. இரண்டு சதையும் இருட்டில் ஒன்றையொன்று தேடின. முட்டின. பின்னின.

ஒரு சொட்டு மேலே ஏறியது.

"தண்ணி!" என்று கூவியது செந்தூரா. "நாட்டான், தண்ணி வந்துடுச்சு! இதென்ன ருசி? எங்க தோட்டத்துத் தண்ணியில இந்த ருசி இல்லையே!"

"அது செம்மண். கூடக் கொஞ்சம் எரு. இரு, இன்னும் அடியில ஒரு சரளைக்கல் இருக்கு, அதைத் தொட்டு வர்ற தண்ணி இன்னும் குளுகுளுன்னு இருக்கும். அனுப்பறேன் பாரு!"

அன்றிலிருந்து பேச்சு நிற்கவில்லை. நாட்டான் மண்ணுக்குள் நடப்பதைச் சொல்லும். செந்தூரா தாய் மரத்தின் உச்சியிலிருந்து பார்த்ததைச் சொல்லும். பூ வந்தால் எப்படி இருக்கும், தேனீ உட்கார்ந்தால் எப்படிக் கூசும், காய் கனக்கும்போது கிளை எப்படி வளைந்து கொடுக்கும் என்று விவரிக்கும். பூவைப் பார்த்தே இராத நாட்டானுக்குச் சிலிர்த்துப் போகும்.

"நமக்கும் வருமா?"

"சந்து அடையட்டும் முதல்ல" என்று நாடா எரிந்து விழும்.

அந்தச் சமயத்தில்தான் ஒட்டுக்குக் கீழே, நாட்டானின் விலாவிலிருந்து ஒரு பக்கத்துளிர் வெடித்தது.

வந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! நேற்று மொட்டு, இன்று விரல் நீளம், மறுநாள் நாலு இலை. தளதளவென்று செப்பு நிறத்தில் மின்னியது. அதன் குரலும் கேட்க இதமாக இருந்தது. இருக்காதா? அது நாட்டானின் குரலேதான்.

"என்னைப் பாரு நாட்டான்" என்றது பக்கத்துளிர். "நான் வேற யாருமில்ல, நீயேதான். நான் வளர்றதுக்கு நீ முக்கவே வேணாம். சும்மா இருந்தாலே போதும்."

உண்மைதான். செந்தூராவுக்கு ஒரு சொட்டு ஏற்ற வேண்டுமென்றால் அந்தச் சின்னப் பாலத்தின் வழியாகத் தள்ளித் தள்ளித்தான் ஏற்ற வேண்டும். பக்கத்துளிருக்கோ தடையே இல்லை. சாறு தானாகவே அந்தப் பக்கம் ஓடியது. நாட்டான் கவனிக்கவே இல்லை. கவனித்தபோது செந்தூரா பேசுவதை நிறுத்தியிருந்தது.

"செந்தூரா?"

"இருக்கேன்" என்றது மெல்லிய குரல். "இன்னிக்கு வரத்து கொஞ்சம் கம்மி."

"வெளியூர்க்காரி. அவளுக்கு எவ்வளவு ஊத்தினாலும் பத்தாது" என்றது பக்கத்துளிர்.

ரத்தினா அந்த வரிசைக்கு வந்தாள். பக்கத்துளிரின் இலைகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அக்கா! கடைசி வரிசையில ஒண்ணு ஒட்டுப் பிடிச்சிடுச்சு! இலை விட்டிருக்கு!"

மாதம்மா வந்து குனிந்து பார்த்தாள்.

"அட, அது கீழேருந்து வந்ததுடி. மேல பாரு, குச்சி அப்படியே நிக்குது. துளிர் வரலையே."

"அப்போ இது பிடிக்கலையா? எடுத்துக் கடாசிடவா? இடமாவது ஆகும்."

"கடாசாதே. குச்சி இன்னும் பச்சையாத்தான் இருக்கு. கீழ வந்த துளிரைக் கிள்ளிட்டா மேல ஏறினாலும் ஏறும்." மாதம்மா கையை நீட்டினாள்.

நீட்டிய கை எட்டுவதற்குள் முன்வரிசைப் பக்கம் படார் என்று ஒரு சத்தம். ஆடிக் காற்று வந்துவிட்டது. நிழல்வலையின் ஒரு முனை கம்பியிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்தது.

"அக்கா, வலை! வலையைப் பிடி!"

இருவரும் ஓடினார்கள்.

அன்று அடித்த காற்று கரட்டின் மேலிருந்து கற்களையே உருட்டிவிடும் போலிருந்தது. வலை சுருண்டுகொண்டு வேலிக்குப் போனது. பைகள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்தன. கடைசி வரிசைதான் முதலில் மாட்டியது. நாட்டானின் பை சாய்ந்து, உருண்டு, வேலிக்கல்லில் போய் முட்டியது. செந்தூராவின் தலையிலிருந்த கவர் பிய்த்துக்கொண்டு பறந்தது.

இத்தனை நாள் கவருக்குள் ஈரமாக இருந்த மொட்டில் அனல் காற்று நேராக மோதியது. போதாததற்குப் பக்கத்துளிரின் அகல இலைகள் காற்றைப் பாய்போல் வாங்கின. ஒவ்வொரு இழுப்புக்கும் நாட்டானின் தண்டு முறுக்கியது. உள்ளே, அடையாத அந்தச் சந்து, மெல்ல வாய் திறந்தது.

"விடமாட்டேன்!" என்று நாடா பல்லைக் கடித்தது. "ஆனா ரொம்ப நேரம் தாங்காது. ஏதாவது பண்ணுங்க!"

"நாட்டான்" என்றது செந்தூரா. காற்றில் அந்தக் குரல் துண்டு துண்டாக வந்தது. "எனக்கு அனுப்பாதே. நிறுத்திடு. அதுக்கே குடு. ஒருத்தராவது பிழைக்கட்டும்."

"சரியாச் சொன்னா" என்றது பக்கத்துளிர். "அவளே சொல்லிட்டா. உதறிடு நாட்டான். நாம நாமளாவே இருந்துக்கலாம். நீ யாருன்னு உனக்குத் தெரியும். நான் என்ன ஆவேன்னும் உனக்குத் தெரியும்."

அந்தக் கடைசி வார்த்தையில் நாட்டான் நின்றது.

தெரியும். நன்றாகவே தெரியும். இந்தத் துளிர் எப்படி வளரும், எப்படிக் கிளை விடும், என்ன காய் காய்க்கும் எல்லாம் தெரியும். அதில் தெரியாதது ஒன்றுமே இல்லை. மேலே, நாலு விரல் நீளத்தில் நடுங்கிக்கொண்டு, தனக்கு வேண்டாம் என்று சொல்கிறதே ஒன்று, அது என்ன ஆகும்? அது தெரியாது.

"என்னை நான் நல்லாப் பார்த்தாச்சு" என்று நாட்டான் கத்தியது. "இவளை இன்னும் பார்க்கலை! எனக்கு அதைப் பார்க்கணும்!"

அது வேரை ஊன்றியது. சாய்ந்து கிடந்த பைக்குள்ளேயே, கல் எது, எரு எது என்று பார்க்காமல், கிடைத்த ஈரத்தையெல்லாம் வாரிச் சுருட்டியது. விலாவுக்கு ஓடிய வாய்க்காலை அடைத்தது. இருந்த சாறு அத்தனையையும் ஒரே வழியில் திருப்பியது. மேலே. மேலே. மேலே.

"போதும் நாட்டான்! உனக்கு?"

"பேசாதே! தள்ளு! உன் பக்கத்துலேருந்து நீயும் தள்ளு!"

செந்தூரா தள்ளியது. இருக்கிற துளியையும் வைத்துத் தள்ளியது. திறந்த சந்துக்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் புதுச் சதை பொங்கி இறங்கியது. காற்று ஒருமுறை பிரித்தது. மறுபடி பொங்கியது. மறுபடி பிரித்தது. நாடா இழுத்துப் பிடித்தது. மறுபடியும் பொங்கி, இந்த முறை பின்னிக்கொண்டது. பின்னியது பிரியவில்லை.

"பூட்டிக்கிச்சு!" என்று நாடா அலறியது. "ரெண்டு பக்கமும் பூட்டிக்கிச்சுடா!"

காற்று எப்போது அடங்கியது என்று யாருக்கும் தெரியாது. விடிந்தபோது வேலியோரம் முழுக்கக் கவிழ்ந்த பைகள். மாதம்மா ஒரு பக்கமும் ரத்தினா ஒரு பக்கமும் குனிந்து குனிந்து நிமிர்த்திக்கொண்டே வந்தார்கள். ஒடிந்தவை எத்தனையோ. ஒட்டு பிரிந்தவை எத்தனையோ. ரத்தினாவுக்குக் கண் கலங்கியிருந்தது. அந்தக் கலக்கத்தில் கவனம் தப்பிவிட்டது. வேலிக்கல் ஓரம் கிடந்த பையை, பையைப் பிடித்துத் தூக்காமல், நீட்டிக்கொண்டிருந்த குச்சியைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

மண் நிறைந்த பையின் பாரம் முழுவதும் ஒட்டில் தொங்கியது.

"ஏய் ரத்தினா! ஒட்டைப் பிடிச்சா தூக்குறே?" என்று மாதம்மா போட்ட சத்தத்தில் குருவிகள் பறந்தன.

"ஐயோ!" ரத்தினா அப்படியே நின்றாள். இறக்கவும் பயம், பிடித்திருக்கவும் பயம். பை காற்றில் ஆடியது.

"விடாதே!" என்றது கீழே ஒரு குரல்.

"நான் எங்க விடப்போறேன்!" என்றது மேலே ஒரு குரல்.

ரத்தினாவுக்கு அது கேட்கவில்லை. ஆனால் கையில் தெரிந்தது. இடது கையை மெல்லப் பைக்கு அடியில் கொடுத்து, தரையில் இறக்கி, குந்தி உட்கார்ந்து ஒட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அக்கா, இங்க வாயேன். ஓடி வாயேன்!"

"என்னடி, ஒடிச்சிட்டியா?"

"ஒடியலை அக்கா! முழுப் பாரமும் தொங்கிச்சு, ஒரு இம்மி அசையலை! மேல பாரு, மேல பாரு!"

நுனி மொட்டு வெடித்திருந்தது. அதன் வாயில், நகக்கண் அளவுக்கு, ஒயின் சிவப்பில் ஒரு துளிர்.

மாதம்மா சிரித்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அந்தப் பாழாய்ப்போன காலையில், வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு குனிந்து, வாடித் தொங்கிய பக்கத்துளிரைக் கட்டைவிரலால் ஒரு தள்ளுத் தள்ளினாள். அது எதிர்ப்பே காட்டாமல் உதிர்ந்தது.

நெட்டையனுக்கும் ஒட்டுக் கட்டியிருந்தார்கள். எந்நேரமும் ஊறிய ஈரத்தில் வெட்டுவாய் அழுகி, குச்சி கறுத்துப் போயிருந்தது. ரத்தினா அதைத் தூக்கி எறியப் போனாள்.

"வேர் நல்லா இருக்குடி" என்று மாதம்மா தடுத்தாள். "கழுத்துக்குக் கீழ வெட்டிவிட்டு வெயில்ல வை. தண்டு திரளட்டும். மறுபடி கட்டலாம்."

நெட்டையன் கடைசி வரிசைக்கு வந்து நாட்டானுக்குப் பக்கத்தில் நின்றது.

"வெயில் சுடுதுய்யா!"

"சுடட்டும். மண்ணுக்கு அடியில ஒரு வாசனை வரும். அதுபக்கமாப் போ" என்றது நாட்டான்.

"வந்துடுச்சுய்யா, வந்துடுச்சு!" என்று கொஞ்ச நாளில் நெட்டையன் போட்ட கூச்சலில் அந்த வரிசையே திரும்பிப் பார்த்தது.

புரட்டாசியில் செந்தூராவுக்கு இரண்டு அடுக்கு இலை. ஒட்டுப் பட்ட இடம் பருத்து, நாடா தோலுக்குள் அழுந்தியது. மாதம்மா கத்தி நுனியால் அதைக் கீறினாள்.

"நான் கிளம்பறேன்" என்றது நாடா. "இனிமேலும் இறுக்கிப் பிடிச்சா உங்க கழுத்தை நானே நெரிச்சிடுவேன்." சொல்லிவிட்டுச் சுருண்டு விழுந்தது. நாட்டானும் செந்தூராவும் முதல்முறையாக யாரும் பிடிக்காமல் நின்றார்கள். ஒரு கணம் தள்ளாடியது போலிருந்தது. பிறகு, விழ மாட்டோம் என்று தெரிந்ததும் வந்த சந்தோஷத்தில் எல்லா இலைகளும் ஒரே நேரத்தில் ஆடின.

கன்றை வாங்க வந்தவள் நாகவேணி. கல் பொறுக்கித் திருத்திய ஒரு மேட்டு நிலம் அவளுக்கு இருந்தது.

"எதும்மா நல்லாப் பிடிச்ச கன்று?"

"இதை எடுத்துக்கோங்க" என்று ரத்தினா முந்திக்கொண்டாள். "நான் ஒட்டைப் பிடிச்சே தூக்கியிருக்கேன். அசையலை!"

"அதைப் போய்ப் பெருமையாச் சொல்றா பாரு" என்றாள் மாதம்மா. "நடும்போது இந்த ஒட்டு மண்ணுக்கு மேல இருக்கணும் நாகவேணி. கீழேருந்து ஏதாவது துளிர் வந்தா உடனே கிள்ளிடணும். முதல் ரெண்டு வருசம் பூ வந்தாலும் கிள்ளிடுங்க. மரம் முதல்ல தன்னைத் தூக்கி நிறுத்தட்டும்."

மேட்டு நிலத்தில் பை கிழிந்ததும் வேருக்கு வந்த ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. சுவர் இல்லை! எவ்வளவு தூரம் போனாலும் மண்! நாட்டான் கீழே ஓடியது. செந்தூரா மேலே ஓடியது. கீழே எவ்வளவு ஓட முடிந்ததோ அவ்வளவுதான் மேலே ஓட முடிந்தது. மேலே இலை எவ்வளவு வெயில் பிடித்ததோ அவ்வளவுதான் கீழே வேருக்குத் தெம்பு வந்தது. கொஞ்ச நாளில், நீ அனுப்பு, நான் அனுப்பறேன் என்ற பேச்சே நின்றுபோனது.

முதல் பூங்கொத்து வந்தது. மாதம்மா சொன்னபடி நாகவேணி அதைக் கிள்ளினாள்.

"ஆ!" என்றது மரம்.

அடுத்த வருடமும் வந்தது. கிள்ளினாள். அடுத்த வருடம் வந்தபோது அவள் கிள்ளவில்லை. சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

தேனீக்கள் வந்தன. கூசியது. பூ கொட்டி, கடுகுபோல் பிஞ்சு நின்று, புளியங்கொட்டை ஆகி, கோலிக்குண்டு ஆகி, கன்னம் சிவந்து, கிளை தரைக்கு வளைந்தது. மரம் முழுக்க ஒரே ஆரவாரம்.

பழ வாசனை பிடித்துக்கொண்டு ஒரு முசுறு எறும்பு அடிமரத்தில் ஏறி வந்தது. கூடு கட்ட இடம் கேட்க வேண்டுமே, யாரிடம் கேட்பது என்று யோசித்துக்கொண்டே வந்தது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பட்டையில், லேசாக ஒரு வளையத் தழும்பு தெரிந்தது. எறும்பு அதன்மேல் நின்று மீசையால் தடவியது.

"இங்க ஒரு கோடு இருக்கே!" என்று அது கூப்பிட்டுக் கேட்டது. "இதுக்குக் கீழ யாரு? மேல யாரு?"

மரம் குனிந்து பார்த்தது. வேரிலிருந்து நுனிவரைக்கும் தேடிப் பார்த்தது. பிறகு, நிஜமாகவே புரியாமல், கேட்டது.

"எந்தக் கோடு?"